கிறிஸ்மஸுக்குக் காயும் எலுமிச்சை

சேசு மரி சூசை

கீரமங்கலம்
18.8.2024

தம்பி இன்னாசிக்கு அக்கா விண்ணரசி எழுதுறது.

இங்கிட்டு நான், உன் மச்சான், உன் மக அன்புமொழி மூணு பேரும் கை கால் சுகத்தோட இருக்கோம். உன் மச்சானுக்கு மட்டும் முழங்கால்ல வலி. வலி இருந்தா வேலைக்குப் போக வேண்டாம்ல, அதனால அதைப் பத்திரமா வச்சிருக்காரு. உனக்கு அந்த வயித்து வலி திரும்ப வந்துச்சா? ஜெயில் ஆஸ்பத்திரியில கொடுக்கிற மாத்திரையை முழுங்கு. சின்ன வயசுல செஞ்ச மாதிரி செவுத்து ஓட்டையில சொருகி வைக்காதே.

போன்ல பேசுனா போதாதா, எதுக்குக் கடுதாசின்னு கேட்டே. அந்தப் போன்ல நான் அலோங்க, நீ அலோங்க, யாரு வீட்டுல என்ன விசேஷம்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள டொய்ங்னு கட்டாயிருது. கடுதாசின்னா நான் பேசுறப்ப நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வசதி. இதைப் பிரிச்சுப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கும் ஒரு வணக்கம். ஐயா, என் எழுத்து கோழி கிளறுன மாதிரித்தான் இருக்கும். அஞ்சாவதோட என்னை நிறுத்திட்டாங்க. பொறுத்துக்கங்க.

சேதி என்னன்னா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு. எலுமிச்சம்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாத்தையும் வட்ட வட்டமா அறுத்துக் காயவைக்கிற வேலை. திங்கிறதுக்கு இல்லை. ஊறுகாய்க்கும் இல்லை. கிறிஸ்மஸ் மரத்துல தொங்கவிடுறதுக்காம்! பெங்களூர்ல ஒரு கடைக்காரங்க, இந்தப் பிளாஸ்டிக் பந்து, ஜிகினா எல்லாம் வேண்டாம், மண்ணுல மக்குற சாமானா வேணும்னு ஆர்டர் கொடுத்திருக்காங்க. நம்ம கொப்பரைக் களம் குணசேகரன் இருக்கான்ல, மஸ்கட்டுல இருந்து வந்தவன், தலையில ஒரு முடி இல்லாம சட்டைப்பையில சீப்பு வச்சிருப்பானே, அவன்தான் பிடிச்சுட்டு வந்தான். கொப்பரை காயப்போடுற பாலித்தீன் கூடாரத்துல இப்ப பாதி இடம் பழத்துக்கு.

நானும் ராக்காயியும் இன்னும் சில பொம்பளைகளும் போறோம். சுண்டுவிரல்ல பாதிக் கனம் இருக்கணும். மெலிசாப் போனா சுருண்டுரும், தடிச்சுப் போனா பூசணம் பூத்துரும். விதையை ஊசியால தள்ளணும். நல்லாக் காஞ்ச ஆரஞ்சு வில்லையை வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்தேன். நம்ம கோயில் பீடத்துக்கு மேல கலர் கண்ணாடி இருக்கும்ல, அப்படியே அது. மாதாவே, இதைப் போயி ஊறுகாய் போட்டுத் தின்னுக்கிட்டு இருந்தோமேன்னு ஆயிருச்சு.

அன்பு பத்தாவது. ஒசரத்துல என்னைத் தாண்டிட்டா. சாயங்காலம் களத்துக்கு வந்து வில்லையைச் சணல்ல கோத்துத் தருவா.

உடம்பைப் பார்த்துக்க. ரெண்டு வரி எழுது.

உன் அக்கா
விண்ணரசி



மத்திய சிறை, திருச்சி
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் சுகம் என்று படித்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். எனக்கு வயிற்று வலி இல்லை. மாத்திரையை முழுங்குகிறேன். கடிதம் பிரிக்கும் ஐயா உன் வணக்கத்தைப் படித்துச் சிரித்தாராம். பக்கத்து பிளாக்கில் சொல்லியிருக்கிறார்.

என்னை பேக்கரிக்கு மாற்றியிருக்கிறார்கள். பன், ரொட்டி, வருக்கி. காலை முழுவதும் மாவு பிசையும் வேலை. நல்ல வேலைதான்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கிறிஸ்மஸுக்குச் சில நாள் பரோல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். உள்ளே வந்து ஆறு வருஷத்தில் இதுவரை கேட்டதில்லை. பெண்டாட்டியை அடித்துக் கொன்றவனுக்கு எந்த வீட்டில் இடம் என்று நினைத்து, கேட்காமலே இருந்தேன். இப்போது மனதில் ஒரு தைரியம். ஆறு வருஷம் ஒரு தகராறு இல்லாமல் இருந்திருக்கிறேன். நன்னடத்தை என்று எழுதியிருக்கிறார்கள்.

தங்கப்போகும் வீடு என்ற இடத்தில் உன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வருவார். வீட்டுக்காரர் வரட்டும் என்று சொன்னால்தான் மனு மேலே போகும். உன் ஒரு வார்த்தைதான் அக்கா.

உள்ளே வரும்போது அன்புக்கு ஒன்பது வயது. இப்போது உன்னைவிட உயரம் என்கிறாய். அவளைப் பார்க்கத்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை. அவளிடம் சொல்லிவிட்டு, என்ன சொன்னாள் என்று எழுது.

மச்சான் காலுக்கு எண்ணெய் தடவச் சொல்.

இப்படிக்கு
தம்பி இன்னாசி



சேசு மரி சூசை

கீரமங்கலம்
26.9.2024

இன்னாசித் தம்பிக்கு,

நாங்க எல்லாம் இருக்கோம். வெயில் கொஞ்சம் தணிஞ்சிருக்கு. அங்கிட்டு கொசு எப்படி? ஜெயில் கொசுவும் நன்னடத்தையாத்தான் இருக்குமா?

பதில் போட நாளாச்சேன்னு கோபிக்காதே. இங்க நடந்த கூத்தைக் கேளு. எலுமிச்சையை அறுத்ததும் எங்க கை பாட்டுக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? உப்பை அள்ளிப் பெரட்டிருச்சு! இந்த ஊருல எலுமிச்சையை அறுத்தவ எவளாவது உப்புப் போடாம விட்டிருக்காளா? குணசேகரன் செல்போன்ல வீடியோ காட்டினான். அதுல ஒரு வெள்ளைக்காரி அறுக்கிறா, துணியில ஒத்துறா, அடுக்குறா. நான் ராக்காயிகிட்ட, ஏன்டி, அவ உப்புப் போடலையேன்னேன். அதுக்கு அவ, "அவளுக்கு மறந்திருக்கும் விண்ணரசி, சின்னப் பொண்ணு, நாம போட்டுக் கொடுப்போம்"னா. கல்லுப்பைப் பொடிச்சு, ரெண்டு பக்கமும், ஒரு வில்லை விடாம தடவியிருக்கோம்.

வெயில்ல நல்லாத்தான் காஞ்சுச்சு. பெட்டியில அடுக்கி லேபிள் எல்லாம் ஒட்டியாச்சு. போன வாரம் சும்மா ஒரு தூறல். பெட்டியைத் திறந்தா ஒவ்வொரு வில்லையும் தண்ணி விட்டுக்கிட்டு நிக்குது. சணல் நனைஞ்சு, அட்டை ஊறி, அடியில கண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கு. குணசேகரன் ஒரு வில்லையை நக்கிப் பார்த்தான். "அத்தை, இது உப்பு"ன்னான். "ஆமப்பா, ருசியா இருக்கா?"ன்னு ராக்காயி கேட்டா. அவன் அங்கேயே உக்காந்துட்டான். அவனுக்கு முடி இருந்திருந்தா அன்னைக்குப் பிச்சிருப்பான்.

எல்லாம் குப்பைக்குப் போச்சு. மொதல்ல இருந்து அறுக்கணும். மழைக்காலம் வேற வருது.

ஆபீசர் வரட்டும், வந்தா டீ போட்டுக் கொடுப்போம். அன்பு படிக்கிறா. கணக்குல மட்டும் கொஞ்சம் தடுமாறுறா, உன் வம்சம்ல.

உப்புப் போடாம காஞ்ச ஆரஞ்சு வில்லை ஒண்ணு இதுக்குள்ள வச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு.

உன் அக்கா
விண்ணரசி



மத்திய சிறை, திருச்சி
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் தினம் ஒரு செபமாலை சொல்லிவருகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய வில்லை கைக்கு வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது. உறையைப் பிரித்தவர்களுக்கு வில்லை என்னவென்று தெரியவில்லை. ஒருவர் மருந்து தடவியிருக்கும் என்றார். இன்னொருவர் யாரோ மந்திரித்து அனுப்பியிருக்கிறார்கள், தொடாதே என்று தள்ளி நின்றாராம். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கிறிஸ்மஸ் மரத்துக்கு என்றேன். ஆரஞ்சையா என்றார்கள். கடைசியில் ஒரு குச்சியால் தள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தேன். நல்ல நிறம்.

உப்பு ஈரத்தை இழுக்கும் அக்கா. பேக்கரியில் உப்பு மூட்டையைப் பலகைமேல்தான் வைப்போம். மழைக்காலத்தில் வெயிலை நம்ப வேண்டாம். இங்கே ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் ஒரு சூடு மிச்சம் இருக்கும். கையை உள்ளே விட்டால் சுடும், ஆனால் எடுக்கத் தோன்றாது. அந்தச் சூடுதான் வேண்டும். கொப்பரைக் கூடாரத்தில் சிரட்டைக் கரி மூட்டம் போட்டு, அந்தப் பக்குவத்தில் வையுங்கள். தட்டில் பரப்பாதே, கம்பி வலையில் பரப்பு. அடியில் காற்று போக வேண்டும். அடிக்கடி திருப்பிப் போடு. ஓரம் பழுப்பாக ஆரம்பித்தால் சூடு அதிகம்.

நீ ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை. அன்பிடம் சொன்னாயா? அவள் என்ன சொன்னாள்? ஆறு வருஷமாக அவள் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. ரெண்டு வரி எழுதச் சொல். ஒரு வரி போதும்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இன்னாசி



சேசு மரி சூசை

கீரமங்கலம்
3.11.2024

தம்பிக்கு,

மழையில நனைஞ்சும் யாருக்கும் காய்ச்சல் இல்லை. மாதா புண்ணியம். நீ நனையாம இரு. உனக்கு எங்கிட்டு நனைய, நாலு செவுரு இருக்கு.

உன் பக்குவம் ஜோரு! சிரட்டைக் கரி, கம்பி வலை, நீ சொன்ன அந்தக் கைச்சூடு. கோழிக்கூண்டு வலையைக் கழட்டிக் கழுவி அதுலதான் பரப்புனோம். இப்பக் கோழிக்கு வீடு இல்லை, அது என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. ஆரஞ்சு செவசெவன்னு வருது. எலுமிச்சைக்கு ஒரு தங்க நிறம். முழுப் பழத்தை மேலேருந்து கீழ கீறி விட்டுக் காயவச்சா குட்டி லாந்தர் மாதிரி ஆயிருது, அதுக்கு நடுவுல கிராம்பு குத்துறோம். பெங்களூர்க்காரங்க படம் பார்த்துட்டு, இன்னும் வேணும்னுட்டாங்க. "உங்க தம்பிக்கு மூளை இருக்குங்க"ன்னான் குணசேகரன். "அதை வெளியில விட்டு வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னேன். சும்மா சொன்னேன்டா.

நேத்துக் கல்லறைத் திருநாள். சாமியார் மந்திரிச்சு முடிக்கிறதுக்குள்ள மழை பிடிச்சுருச்சு. செவந்தி கல்லறையில மெழுகுவத்தி நிக்கலை. அன்பு களத்துல இருந்து ஒரு மாலை கோத்துக் கொண்டாந்திருந்தா. ஆரஞ்சு வில்லை, இடையில பட்டை, அன்னாசிப்பூ. அவ அம்மா சிலுவையில அதைக் கட்டிவிட்டா. அம்புட்டு அழகு. எல்லாரும் யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. இன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தா சணல் மட்டும் தொங்குது. ஆடு தின்னுட்டுப் போயிருச்சு. அன்பு அந்தச் சணலை அவுத்துக் கொண்டாந்துட்டா. திரும்பக் கோத்துக்கிட்டு இருக்கா.

அவளுக்குப் பரீட்சை, டியூசன்னு நேரமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரையைச் சுத்தித்தான் போறா வாரா. உன் வீடு இருக்கிற தெரு வழியாப் போனா கிட்டதான். நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நானும் விட்டுட்டேன்.

அவ எழுதுவா. மெதுவா எழுதுவா.

உன் அக்கா
விண்ணரசி



மத்திய சிறை, திருச்சி
14.11.2024

அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது, குணசேகரன் இருக்கிறான். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். அப்பா பிரம்பை எடுத்தால் நீ ஒரு சிரிப்புக் காட்டி வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அப்பா சிரித்துவிடுவார். நான் அப்பா இல்லை.

அன்பு என் மகள். அவளைப் பெற்றவன் நான். அவளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தாய்? என் மகளை என் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொள்ள நீ யார்? உனக்குப் பெண்பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையை உன் பிள்ளையாக ஆக்கிக்கொண்டாய் என்றால் அதையும் சொல்லிவிடு.

கோபமாக எழுதவில்லை. எழுதிய பிறகு பார்த்தால் கோபம் மாதிரி இருக்கிறது. தாள் ஒன்றுதான் கொடுப்பார்கள், மாற்றி எழுத வேறு இல்லை.

கிறிஸ்மஸ் பூசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டத்தில் கடைசியில் நின்றுகொள்கிறேன். ஊர்க்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். வீட்டில் மரம் வைத்தால் அந்த ஆரஞ்சை என் கையால் கட்டுகிறேன். அவ்வளவுதான் ஆசை. அலுவலர் இந்த மாதம் வந்துவிடுவார் என்கிறார்கள். தயவுசெய்து அக்கா.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இன்னாசி



சேசு மரி சூசை

கீரமங்கலம்
25.11.2024

தம்பி இன்னாசிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உன் மச்சான் காலுக்கு எண்ணெய் தடவி, இப்ப வலி முதுகுக்கு ஏறியிருக்கு. நீ நல்லா இருக்கியா?

ஆபீசர் வந்துச்சு. சின்ன வயசுப் பொண்ணு, கண்ணாடி போட்டிருக்கு. கொட்டுற மழையில ஆட்டோவுல வந்து நேரா களத்துல இறங்கிருச்சு. தலைக்கு மேல கயித்துக் கயித்தா எலுமிச்சையும் ஆரஞ்சும் தொங்குறதைப் பார்த்து அப்படியே நின்னுருச்சு. நான் டீ வாங்கியாரப் போன நேரத்துல கிராம்பு குத்துன லாந்தர் பழம் ஒண்ணை எடுத்துக் கடிச்சிருக்கு! கிராம்பு நாக்குல பட்டதும் கண்ணுல தண்ணி. "இது திங்கிறது இல்லைம்மா"ன்னேன். "யாருமே சொல்லலையே"ன்னுச்சு. ராக்காயி சிரிச்ச சிரிப்புல கூடாரமே ஆடுச்சு.

அப்புறம் வீட்டுக்கு வந்துச்சு. எங்க படுப்பாரு, கதவு எத்தனை, பக்கத்துல யாரு இருக்கா, செவந்தி வீட்டு ஆளுங்க இங்கிட்டு வருவாங்களா, எல்லாம் கேட்டுச்சு. அன்பைத் தனியா உக்கார வச்சுப் பேசுச்சு. என்னை வாசல்ல நிக்கச் சொல்லிருச்சு. நான் மழையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம் என்னையும் கேட்டுச்சு. சொன்னேன். எழுதிக்கிச்சு. டீயைக் குடிச்சுட்டு, போகையில ஒரு கொத்து வில்லை கேட்டு வாங்கிக்கிட்டுப் போச்சு. நல்ல புள்ளை.

நீ எழுதுனதுக்கு நான் கோபிக்கலை. நான் கோபிச்சா உன் மச்சான் ஊரை விட்டே போயிருப்பாரு.

கடைசி லோடு போயிருச்சு. களத்துல இப்பத் திரும்பக் கொப்பரை. கை எல்லாம் இன்னும் ஆரஞ்சு வாசம்.

குளிருக்குப் போர்வை கொடுத்தாங்களா?

விண்ணரசி



மத்திய சிறை, திருச்சி
3.12.2024

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் வேண்டுகிறேன்.

சொன்னேன், எழுதிக்கிச்சு என்கிறாய். என்ன சொன்னாய்?

இன்னாசி



மத்திய சிறை, திருச்சி
11.12.2024

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. மழையில் தபால் தாமதமாகியிருக்கும். போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாய்.

என் பக்கத்து அறைக்காரன் ஒருவனுக்கு உத்தரவு வந்துவிட்டது. கீரனூர்க்காரன். அவன் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறான். நானும் ஒரு சட்டை துவைத்து வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. எழுது.

இன்னாசி



சேசு மரி சூசை

கீரமங்கலம்
17.12.2024

தம்பி,

யாருக்கும் ஒண்ணுமில்லை. போன் சார்ஜ்லதான் இருந்துச்சு. அது அடிச்சுச்சு. நான் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

சட்டையை மடிச்சு உள்ள வையி. உனக்கு உத்தரவு வராது. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

நான்தான் சொன்னேன், அன்பு இல்லை. இந்த வரியைத் திரும்பப் படி. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு. அவளை மனசுக்குள்ளகூட ஒரு சொல்லு சொல்லாதே.

செப்டம்பர்ல உன் கடுதாசி வந்த அன்னைக்கே அவகிட்ட சொன்னேன். "அப்பா கிறிஸ்மஸுக்கு வரணும்ங்கிறாரும்மா"ன்னேன். சணல் கோத்துக்கிட்டு இருந்தா. "சரி அத்தை"ன்னா. அவ்வளவுதான். அழலை, ஒண்ணுமில்லை. எனக்கும் நிம்மதியாப் போச்சு. உனக்கு எழுதிரலாம்னு தாளை எடுத்தேன், அவ முகத்தைப் பார்த்தேன், எழுதலை. ஏன்னு அப்பத் தெரியலை.

தீபாவளி கழிச்சு, கன்னியர் மடத்து ஆஸ்டல் சிஸ்டர் சந்தையில என்னைப் பிடிச்சாங்க. "உங்க புள்ளை ஆஸ்டல்ல வந்து கேட்டுச்சு, கிறிஸ்மஸ் லீவுல தங்கிக்க இடம் இருக்குமான்னு. எல்லாப் புள்ளையும் வீட்டுக்கு ஓடுற நாளுல இது ஏன் இங்க வரணும்ங்குதுன்னு கேட்டேன். வீட்டுக்கு விருந்தாளி வாராங்க சிஸ்டர், இடம் பத்தாதுன்னுச்சு"ன்னாங்க. வீட்டுக்கு வந்து அவ பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரெண்டு பாவாடை சட்டை, புத்தகம், செவந்தி போட்டோ. மடிச்சு வச்சாச்சு. நாங்க எல்லாம் உப்புல பெரட்டுன பழத்தைக் குப்பையில கொட்டிக்கிட்டு இருந்தப்பவே அவ எடுத்து வச்சிருக்கா.

அந்த ஆபீசர் பொண்ணு அவகிட்ட பேசிட்டு வந்து என்கிட்ட சொல்லுச்சு. "உங்க தம்பி மக சரின்னுட்டா. அப்பா வரட்டும், அத்தைக்கு ஒரே தம்பி, அவங்க ஆசைப்படுறாங்க, நான் ஆஸ்டல்ல இருந்துக்கிறேன்னு சொல்றா. நீங்க கையெழுத்துப் போட்டா ஆயிரும்"னு பேனாவை நீட்டுச்சு.

இன்னாசி, எனக்கு உன்மேல ஆசை இல்லைன்னு நினைக்காதே. அம்மா செத்தப்ப உன்னை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நான் சட்டி கழுவுனேன். அஞ்சாவதோட என்னை நிறுத்துனது உன்னைத் தூக்கத்தான். நீ வரணும்னு எத்தனை நாள் கோயில்ல முட்டி போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியாது. பேனாவைக் கையில வாங்கிட்டேன்.

உன் மச்சான் மாட்டை அதட்டுனாக்கூட அந்தப் புள்ளை எழுந்து கொல்லைக்குப் போயிரும். யாராவது கதவைத் தாழ் போட்டா, போட்டது யாருன்னு பார்த்துட்டுத்தான் உக்காரும். நீ உள்ள தாழ் போட்டுட்டு அவ அம்மாவை அடிச்சப்ப அவ அந்த வீட்டுக்குள்ள இருந்தா. அது உனக்குத் தெரியும். கோர்ட்டுலயும் சொன்னாங்க. நாம ரெண்டு பேரும்தான் ஒரு கடுதாசியிலயும் அதை எழுதுனதில்லை.

இப்ப அவளுக்கு ஒரு வீடு இருக்கு. அதை உனக்காக விட்டுட்டுப் போறேங்குறா. அவ விட்டுக் கொடுக்கிறாங்கிறதுக்காக நான் எடுத்துக்க முடியுமா? பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஏம்மான்னு கேட்டுச்சு. எனக்குப் பயமா இருக்குன்னு எழுதிக்கம்மான்னேன். நான் பயந்தவ இல்லைன்னு உனக்குத் தெரியும். ஆனா அப்படித்தான் எழுதியிருக்கு.

இந்தத் தடவைக்கு மட்டும்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். அவளா உன்னைக் கூப்பிடுற நாள் வந்தா நான் எழுதுறேன். வராமலும் போகலாம்.

ஆஸ்டலுக்குப் போக வேண்டாம்னு நேத்து அவகிட்ட சொன்னேன். பெட்டியில இருந்து துணியை எடுத்துக் கொடியில போட்டா. அப்புறம் ரொம்ப நேரம் என் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சா.

தை மாசம் மனு போட்டு உன்னைப் பார்க்க வாரேன். பார்க்க மாட்டேன்னு சொன்னா வாசல்ல நின்னுட்டு வாரேன். மாத்திரையை விடாதே.

அக்கா
விண்ணரசி



மத்திய சிறை, திருச்சி
5.1.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கொடுத்தார்கள். படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு பேக்கரிக்குப் போனேன். அன்று கேக் போடும் நாள், வேலை அதிகம்.

மாவு பிசையும்போது உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் உன்னை என்ன செய்வது என்று. இதை நீ படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், பிரிக்கும் ஐயாவும் படிக்கட்டும். முதலில் வாயில் அடிப்பேன். எப்போதும் சிரிக்கிற வாய். பிறகு முடியைப் பிடிப்பேன். எங்கே இழுப்பது, எதில் மோதுவது, எல்லாம் வரிசையாக வந்தது. யோசிக்க யோசிக்க மாவு நன்றாகப் பிசைந்து வந்தது. மேஸ்திரி பாராட்டினார்.

கிறிஸ்மஸ் பூசையிலும் அதே நினைப்பு. அதற்குப் பிறகும் விடவில்லை. மனதுக்குள் ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுக்குள் நுழைகிறேன், நீ நிற்கிறாய், நான் கையை ஓங்குகிறேன். புத்தாண்டு அன்று அப்படி ஓங்கும்போது உனக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. உயரமான பெண். எனக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் யார் என்று தெரிந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை அக்கா. நான் இதைத்தான் செய்வேன் என்று தெரிந்த மாதிரி நின்றாள்.

நான் அடங்கிவிட்டேன் என்று நம்பியிருந்தேன். இங்கே சாராயம் இல்லை. பெண்பிள்ளை இல்லை. எதிர்த்துப் பேசினால் தடி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் நன்னடத்தை என்று எழுதியிருக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

தண்டனை முடிந்தாலும் கீரமங்கலம் வரக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கும் இப்படியே நினைப்பேனா என்று தெரியாது. ஒருவேளை வந்து கதவைத் தட்டினால் திறக்காதே. அக்கா என்று கூப்பிட்டாலும் திறக்காதே. நான் அழுவேன், எனக்கு நன்றாக அழவும் தெரியும். செவந்தி அதைக் கேட்டுத்தான் திறந்துவிட்டாள்.

தை மாதம் நீ வர வேண்டாம். வந்தால் பார்ப்பேன்.

மச்சானின் முதுகு வலி எப்படி இருக்கிறது? ராக்காயியை, குணசேகரனை, எல்லாரையும் கேட்டதாகச் சொல். அன்பிடம் மட்டும் என் பேச்சை எடுக்காதே.

இன்னாசி